பூனைக்குட்டியும் பாசிட்டிவ் என்னும் பிரமையும்

பூனை வளர்ப்போர் மத்தியிலே இந்நாளில் ஆழ வேரூன்றிவிட்ட நம்பிக்கை ஒன்று உண்டு. இரண்டு மூன்று மாதக் குட்டி ஒன்று கண் கசிந்து, மூக்கு ஒழுகி, ஓயாமல் தும்மத் தொடங்கினால் அது ஹெர்ப்பீஸ்தான் என்பதும், ஐயமிருந்தால் கண்ணிலோ தொண்டையிலோ பஞ்சுக்குச்சியால் தடவியெடுத்ததைப் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்பி, ‘பாசிட்டிவ்’ என்று சீட்டு வந்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது என்பதுமே அந்த நம்பிக்கை. குட்டியை விற்றவரும் வாங்கியவரும் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள். அது விஞ்ஞானத்தின் வேஷத்தைத் தரித்திருப்பதால், இதிலே மூடநம்பிக்கையின் அம்சம் இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. சோதனைக்கூடத்துச் சீட்டை மட்டும் கொண்டு இளம் பூனையின் நோயை நிர்ணயிப்பது வைத்தியமே அன்று என்பதும், அந்த வழக்கத்தால் எளிதில் குணமாகக்கூடிய நோய்கள் கவனிப்பாரின்றிப் போகின்றன என்பதுமே என் கட்சி.

முதலில் இந்தப் பூனை ஹெர்ப்பீஸ் வைரஸின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். 1958-ஆம் ஆண்டில் கிராண்டெல், மாரர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் சுவாச நோயுற்ற பூனைக்குட்டிகளிடமிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். பூனைக் குலத்தைச் சேர்ந்த பிராணிகளையன்றி வேறெவரையும் இது பற்றுவதில்லை. மனிதருக்கு உதட்டிலே கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வேறு, இது வேறு. குலப்பெயர் ஒன்றாக இருப்பதைக் கண்டு மிரண்டு, வீட்டில் குழந்தை இருக்கிறதே என்று குட்டியைத் தெருவில் விட்டுவிடுகிறவர்கள் பொருளற்ற பயத்தின் பேரால் ஓர் உயிருக்கு அநீதி இழைக்கிறார்கள் என்பதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

விவாதத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. இந்த வைரஸ் ஒருமுறை உடலில் புகுந்தபின், தும்மலும் கசிவும் பத்துப் பதினைந்து நாட்களில் அடங்கிப்போனாலும், தான் அடியோடு அழிந்துபோவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பின் முடிச்சுகளிலே சென்று ஒடுங்கி, ஆயுள் முழுவதும் அங்கே குடியிருக்கிறது. தொற்றுக்கு ஆளான பூனைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இவ்வாறு அதைச் சுமந்து திரிகின்றன என்பது மிருக வைத்திய நூல்கள் கூறும் கணக்கு. வீடு மாற்றம், பிரசவம், பாலூட்டுதல், புதிய பூனையின் வருகை, ஸ்டீராய்டு மருந்து ஆகிய ஏதேனும் ஒன்றினால் உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, சுமார் ஒரு வாரம் கழித்து வைரஸ் மீண்டும் வெளிப்பட்டு, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை மூக்கு, கண், வாய் இவற்றின் கசிவில் கலந்து வருகிறது. அவ்வாறு வெளிப்படும் தருணங்கள் பலவற்றில் பூனை தும்முவதுகூட இல்லை. உண்டு, உறங்கி, விளையாடிக்கொண்டே வைரஸை உதிர்க்கிறது.

அப்படியானால் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? தடவியெடுத்த இடத்தில் அன்றைக்கு வைரஸின் மரபணுப் பொருள் இருந்தது என்பதே அதன் பொருள். அன்றைய நோயை உண்டாக்கியது அந்த வைரஸ்தான் என்பது அதன் பொருளாகாது. நம் தர்க்க சாஸ்திரிகள் இந்தப் பிழையை நன்கு அறிந்திருந்தார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்று அனுமானிக்கலாம். நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்று அனுமானிக்கலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே நெருப்பு இருக்கிறது, புகை இல்லை என்று அவர்கள் உதாரணமும் காட்டினார்கள். ஹெர்ப்பீஸ் நோய் உள்ள குட்டியில் அந்த வைரஸ் இருக்கும் என்பது சரி; வைரஸ் உள்ள குட்டிக்கெல்லாம் அந்த நோய் இருக்கிறது என்பது பிழை.

இதோடும் நிற்கவில்லை. குட்டிகளுக்குப் போடும் தடுப்பூசிகளில் பல, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டவை. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மேக்ஸ் என்னும் கண் வைத்திய நிபுணரும் அவருடைய சகாவும் 2005-இல் வெளியிட்ட ஆய்விலே, வழக்கிலிருந்த பி.சி.ஆர். முறைகள் தடுப்பூசியிலுள்ள வைரஸையும் கண்டு சொல்லிவிடுகின்றன என்பது தெளிவாயிற்று. ஆகவே, போன மாதம் ஊசி போட்டுக்கொண்ட குட்டியின் சீட்டிலே வரும் ‘பாசிட்டிவ்’ எந்த வைரஸைக் குறிக்கிறது என்று ஆராயாமல் தீர்ப்புச் சொல்லலாகாது. ‘நெகட்டிவ்’ என்ற சொல்லும் இவ்வாறே நம்பத் தகாதது. வைரஸ் விட்டுவிட்டு வெளிவருவதாகையால், அது ஒடுங்கியிருந்த நாளில் தடவியெடுத்தால் அகப்படாது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவதோ இன்னும் வீண். ஊசி போட்ட பூனையிலும், என்றோ தொற்றுக்கண்டு தேறிய பூனையிலும், தாய்ப்பாலின் வழியே பெற்ற குட்டியிலும் அது இருக்கத்தான் செய்யும்.

சீட்டை நம்பிவிட்டவர் இழப்பது எது? குட்டியின் கண்ணைச் சிவக்கவைத்து நீர் வடியச் செய்வது ஹெர்ப்பீஸ் ஒன்றே அன்று. கிளமிடியா என்னும் பாக்டீரியா, பெரும்பாலும் முதலில் ஒரு கண்ணைப் பற்றி, சில நாட்களில் மறு கண்ணுக்கும் பரவி, இமையின் உட்சவ்வை உப்பி வீங்கச் செய்கிறது. தும்மல் அதிலே குறைவு. கலிசி வைரஸ் நாக்கிலும் வாயிலும் புண்ணை உண்டாக்குகிறது. சில குட்டிகளை நொண்டவும் வைக்கிறது. மைக்கோபிளாஸ்மா, போர்டடெல்லா முதலிய பாக்டீரியாக்களும் வரிசையில் நிற்கின்றன. இவற்றுள் கிளமிடியா, டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்தை நான்கு வாரம் விடாமல் கொடுத்தால் தீர்ந்துபோகிற நோய். ‘பாசிட்டிவ்’ சீட்டு வந்துவிட்டதனால், “இது ஜன்மத்துக்கும் போகாத ஹெர்ப்பீஸ், நாம் செய்ய ஒன்றுமில்லை” என்று கைவிடப்பட்ட குட்டிக்கு அந்த நான்கு வார மருந்து கிடைப்பதேயில்லை. ஒரே குட்டியில் இரண்டு தொற்றுகள் சேர்ந்திருப்பதும் அபூர்வமன்று; ஒன்றின் பெயர் கிடைத்தவுடன் மற்றதைத் தேடுவது நின்றுவிடுகிறது.

நிர்ணயத்துக்கு வழி குட்டியின் உடலிலும் அதன் வரலாற்றிலும் இருக்கிறது. தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு குறையும் வயதா, குட்டி எங்கிருந்து வந்தது, கூடப் பிறந்தவை தும்மினவா, வந்து எத்தனை நாளாயிற்று, ஊசி எப்போது போடப்பட்டது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அதன்பின் வாயைத் திறந்து புண் உண்டா என்று பார்க்கவேண்டும். ஃப்ளோரசின் என்னும் சாயத்தைக் கண்ணில் இட்டு, நீல ஒளியிலே கார்னியா என்னும் விழியின் முன்படலத்தைச் சோதிக்கவேண்டும். அங்கே கிளைகிளையாகப் பிரிந்து ஓடும் மெல்லிய புண்கோடுகள் பச்சையாக ஒளிர்ந்தால், அது இந்த வைரஸின் கைவேலை என்று வைத்தியர் துணிந்து சொல்லலாம். வேறெந்தத் தொற்றும் பூனையின் கண்ணில் அப்படிக் கோலம் போடுவதில்லை. எல்லாக் குட்டிகளிலும் அந்தக் கோடுகள் தோன்றுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் சில நிமிஷங்களில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல், பல நாள் காத்துப் பெறும் சீட்டின்மேல் பாரத்தைப் போடுவது எவ்வகை நியாயம்?

“எந்த நோயானால் என்ன, கொடுக்கிற மருந்து ஒன்றுதானே” என்று சிலர் சமாதானம் கூறுவர். அது ஒன்றன்று. கார்னியாவில் புண் இருக்கையிலே, சிவப்பு மாறட்டும் என்று மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால், வைரஸ் தலைவிரித்தாடிக் கண்ணே போய்விடலாம். மனிதருக்குத் தரும் அசைக்ளோவிர் மாத்திரை பூனையிடத்தில் பயன் குறைந்தது, நச்சுத்தன்மையும் உடையது. வலாசைக்ளோவிரோ பூனையின் உயிரையே வாங்கும். பூனைக்குத் தகுந்தது ஃபாம்சைக்ளோவிர்; அதையும் அளவறிந்த வைத்தியரே தரவேண்டும். எல்லாரும் வாங்கித் தூவுகிற லைசின் பொடியைப் பற்றி, போல், புனிக் என்னும் இருவர் 2015-இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, அது தொற்றைத் தடுப்பதுமில்லை, தணிப்பதுமில்லை, அதை நிறுத்திவிடுவதே தக்கது என்று முடிவு கூறியிருக்கின்றனர். பிரமை ஒன்று இருக்குமிடத்தில் அதற்கேற்ற பொடியும் விற்கத்தான் செய்யும்.

“அப்படியானால் சோதனைக்கூடத்தையே மூடிவிடலாமா?” என்று கேட்பாருக்கு, வேண்டாம் என்பதே என் விடை. ஊசியே போடாத குட்டிகள் கூட்டமாக நோயுற்ற காப்பகத்தில் எந்தக் கிருமி சுற்றுகிறது என்று அறியவும், தக்க சிகிச்சைக்கும் அடங்காத கண்நோயிலே கிளமிடியா முதலியவற்றைத் தேடவும் அந்தச் சோதனை மெய்யாகவே உதவும். ஐயத்தை முதலில் வகுத்துக்கொண்டு கேட்பவருக்குச் சீட்டு நல்ல சாட்சி. ஒன்றையும் வகுக்காமல் கேட்பவருக்கு அது எதையும் சொல்லும்.

பூனை வளர்ப்போரிடம் நான் வேண்டுவது மிகுதியில்லை. குட்டிக்கு ஆறு எட்டு வார வயதில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடுங்கள். தொற்றை அது முற்றிலும் தடுக்காவிட்டாலும் நோயின் கடுமையைக் குறைக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தும்முகிற குட்டியை அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள், “சாயமிட்டுக் கண்ணைப் பார்த்தீர்களா?” என்று கூச்சமின்றிக் கேளுங்கள். ‘பாசிட்டிவ்’ என்ற சீட்டு ஒன்றைக் காட்டி, இந்தக் குட்டிக்கு இனி விமோசனமில்லை என்று எவரேனும் சொன்னால், அவர் நோயை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அறிந்து வேறொரு வைத்தியரை நாடுங்கள்.