நீலம் ஒன்றன்று

உருசிய மொழி பயிலப் புகும் தமிழ் மாணவர் கையில் முதலில் கிடைப்பது ஒரு சொற்பட்டியல். இடப்புறம் உருசியச் சொல். வலப்புறம் அதன் பொருள். வீடு, மரம், நாய் ஆகியவற்றுக்கு இம்முறை ஒருவாறு போதும். நிறச்சொற்களுக்குப் போதாது என்பது எம் கருத்து.

நீலத்தையே எடுத்துக்கொள்வோம். உருசியத்தில் நீலம் முழுமைக்கும் பொதுவான ஒரு சொல் இல்லை. கருநீலம் 'சீனிய்', வான்நீலம் 'கலுபோய்'. (சர்க்கரையைச் சீனி என வழங்கும் தென்மாவட்ட மாணவர் முதற்சொல்லை எளிதில் மறவார்!) நாம் இளநீலம், கருநீலம் என அடைகொடுத்துப் பிரிப்பது போன்றதன்று இது. நமக்கு அவை ஒரு நிறத்தின் இரு வகைகள். உருசியர்க்கோ இரு நிறங்கள். வானவில்லின் நிறவரிசையை நினைவிற்கொள்ள உருசியச் சிறார் ஒரு வாக்கியம் கற்பர். ஃபெசன்ட் பறவை எங்கே அமர்ந்திருக்கிறது என்று அறிய ஒவ்வொரு வேடனும் விழைகிறான் என்பது அதன் பொருள். அதிலுள்ள ஏழு சொற்களின் முதலெழுத்துகள் ஏழு நிறங்களைச் சுட்டும். 'எங்கே' என்னும் சொல் கலுபோய்க்கு. 'அமர்ந்திருக்கிறது' என்பது சீனிய்க்கு.

இதனால் உருசியர் கண் வேறு, நம் கண் வேறு என்று கொள்ளலாமா? 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்குக் கருதத்தக்கது. இவ்விரு நீலங்களின் எல்லைக்கு இருபுறமும் அமைந்த சாயல்களை, ஒரே பக்கத்துச் சாயல்களைவிட உருசியர் விரைந்து வேறுபடுத்தினர். ஆங்கிலம் பேசுவோரிடம் அவ்விரைவு காணப்படவில்லை. ஆனால் எண்தொடர் ஒன்றை மனத்துள் ஓதிக்கொண்டே பார்க்கச் செய்தபோது உருசியரிடமும் அது மறைந்தது. ஆகவே, துணைசெய்தது சொல், கண் அன்று. சொல்லைக் கற்றுக்கொள்ள எவராலும் இயலும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மருத்துவம் பயில உருசியா செல்லும் நம் மாணவர், பாடங்களை ஆங்கிலத்தில் படித்தாலும், நோயாளியிடம் உருசியத்திலேயே பேசியாக வேண்டும். குழந்தையின் உதடு நீலம் பாரித்ததென ஒரு தாய் கூறுங்கால், அவள் வாயில் வருவது 'சீனிய்' அடியாகப் பிறந்த வினைச்சொல். இரண்டுக்கும் நேராக 'நீலம்' என்றே எழுதிப் படித்தவர், அத்தாயிடம் கேள்வி கேட்க நேரும்போது எச்சொல்லை எடுப்பார்?

சொல்லை அதன் இனத்தோடு கற்பிப்பதே தக்க வழி. மஞ்சள் 'ஜோல்த்தி', முட்டையின் மஞ்சட்கரு 'ஜில்தோக்', மஞ்சட்காமாலை 'ஜில்தூகா'. வெள்ளை 'பேலி', வெள்ளைக்கரு 'பிலோக்'. நம் முன்னோர் எண்ணியவாறே அவர்தம் முன்னோரும் எண்ணியுள்ளனர்! சிவப்பைக் குறிக்கும் 'கிராஸ்னி' முற்காலத்தில் அழகையும் குறித்தது. மாஸ்கோவின் செஞ்சதுக்கம் உண்மையில் அழகிய சதுக்கமே. 1917 புரட்சிக்கு நெடுங்காலம் முன்பே அப்பெயர் பெற்றுவிட்டது. நம் 'செம்மை'யும் சிவப்பையும் சிறப்பையும் ஒருங்கே தாங்குவதன்றோ?

பழுப்பு நிறத்திலும் இப்படியே. பொதுவான பழுப்புக்குரிய சொல் இலவங்கப்பட்டையின் பெயரிலிருந்து வந்தது. பழுப்புக் கண்ணுக்கோ 'காரிய்' என்ற தனிச்சொல் உண்டு. நம் உழவர் காளைகளைக் காரி, மயிலை, செவலை எனப் பிரித்தழைப்பதை நினைவூட்டினால் மாணவர்க்கு இது வியப்பாயிராது. இரண்டு 'காரி'களையும் கண்டவுடன் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டா!

மாஸ்கோவின் 'ராதுகா' பதிப்பகம் 1980களில் படங்கள் நிறைந்த சிறுவர் நூல்களைத் தமிழில் வெளியிட்டது. ராதுகா என்றால் வானவில். பழைய நூலகங்களில் அந்நூல்கள் இன்றும் கிடைக்கக்கூடும். அவற்றை வகுப்பறைக்குக் கொணர்ந்து, படத்திலுள்ள வானையும் ஆழ்கடலையும் தொட்டுக்காட்டி, இது கலுபோய், இது சீனிய் என ஆசிரியர் சொல்லட்டும். வலப்புறப் பத்தியை அதுவரை வெற்றிடமாகவே விட்டுவைக்கலாம்.