பெறுபேறு வரும் நாளில் மட்டும் தேடப்படும் ஆசிரியர்

ஆண்டுதோறும் ஒக்ரோபர் 6 ஆம் திகதி எமது நாட்டில் ஆசிரியர் தினம் கொண்டாடப்படுகின்றது. மாலை அணிவித்து, பாண்ட் வாத்தியம் முழங்க, ஆசிரியர்களை மண்டபத்துக்கு அழைத்துச் செல்வார்கள். பிரதம விருந்தினராக வரும் அரசியல்வாதி ஆசிரியரைத் தெய்வத்துக்கு நிகராக வைத்துப் பேசுவார். சில மாதங்களில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும். மாலை போட்ட அதே கைகள் அப்போது ஆசிரியரை நோக்கி விரலை நீட்டும். "படிப்பிக்காமல் சம்பளம் வாங்குகிறார்கள்" என்று தேநீர்க் கடையிலும் கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் ஒரே குரல் ஒலிக்கும். இந்தக் குரலுக்கு மை ஊற்றியவர்களில் நானும் ஒருவன். அதனாற்றான் இதை எழுத வேண்டியிருக்கின்றது.

என்னோடு பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் படித்தவர்களில் பெரும்பாலோர் பட்டதாரி நியமனம் பெற்று ஆசிரியர்களானார்கள். நான் பத்திரிகைக்கு வந்தேன். அவர்கள் வகுப்பறையில் கண்டதை நான் மேசையில் இருந்தபடி தீர்ப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதை உணர எனக்கு நீண்ட காலம் எடுத்தது.

2010 டிசெம்பரில் நடைபெற்ற சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறுகள் 2011 இல் வெளிவந்தபோது, நான் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் பொறுப்பாக இருந்தேன். வன்னியில் மீள்குடியேற்றம் நடைபெற்ற ஒரு கிராமத்துப் பாடசாலையில் ஒரு மாணவரேனும் உயர்தரத்துக்குத் தகுதி பெறவில்லை என்று பிரதேச நிருபர் செய்தி அனுப்பியிருந்தார். பெற்றோர் இருவரின் கருத்தும் அதில் இருந்தது. ஆசிரியர்களின் அசமந்தமே காரணம் என்பது அவர்களின் முறைப்பாடு. அதிபரிடமோ வலயக் கல்விப் பணிமனையிடமோ நாங்கள் எதுவும் கேட்கவில்லை. "ஒருவர்கூடத் தேறவில்லை; ஆசிரியர்கள் மீது பெற்றோர் கடும் விசனம்" என்று நானே தலைப்பிட்டு முதற் பக்கத்தில் போட்டேன். அன்று மாலை பலர் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்கள்.

மூன்று வாரங்களின் பின்னர் அந்தப் பாடசாலையின் அதிபர் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. ஒரு துணிப்பையில் இருந்து சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் வரவு இடாப்பையும் ஒரு கோவையையும் எடுத்து மேசையில் வைத்தார். பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 16 பேர். 2009 இன் பெரும்பகுதியை அவர்கள் பதுங்குகுழிகளிலும் பின்னர் முகாம்களிலும் கழித்தவர்கள். பாடசாலை மீளத் திறக்கப்பட்டது 2010 இன் ஆரம்பத்தில். விஞ்ஞானத்துக்கு நியமிக்கப்பட்டவர் இரண்டு வாரங்களில் "தற்காலிக இணைப்பு" என்ற பெயரில் நகரப் பாடசாலை ஒன்றுக்குப் போய்விட்டார். கணிதத்துக்கு ஆசிரியரே இல்லை. அதிபர் வலயத்துக்கு எழுதிய கடிதங்கள் ஐந்து. கிடைத்த பதில் ஒன்று. "ஆவன செய்யப்படும்" என்று அதில் இருந்தது.

கணிதத்தை யார் படிப்பித்தார்கள் என்று கேட்டேன். அதே கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை, தொண்டர் ஆசிரியராக, சம்பளம் எதுவும் இல்லாமல் படிப்பித்தார் என்றார். எமது செய்தி வந்த மறுநாள் முதல் அவர் பாடசாலைக்கு வரவில்லை. கணிதத்தில் எவரும் தேறாததற்கு அவரே காரணம் என்று ஊர் பேசத் தொடங்கிவிட்டது.

"நீங்கள் எழுதினதிலை பொய் ஒண்டும் இல்லைத் தம்பி. ஆனால் கேக்க வேண்டிய ஆக்களைக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, புத்தகங்களைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் ஆறாம் பக்கத்தில் நான்கு வரியில் ஒரு விளக்கம் போட்டேன். முதற் பக்கத்தில் கொட்டியதை ஆறாம் பக்கத்தில் அள்ள முடியாது என்பது பத்திரிகையாளர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொண்டர் ஆசிரியை திரும்பி வரவேயில்லை என்று பின்னர் அறிந்தேன்.

2009 இன் பின்னர் "பொறுப்புக்கூறல்" என்ற சொல் எமது மக்களிடையே மிகவும் பழகிப்போன சொல்லாகிவிட்டது. ஜெனீவாத் தீர்மானங்களின் ஊடாக அது எமது வீட்டு வாசலுக்கு வந்தது. அந்தச் சொல்லின் பொருளை நாம் சரியாகவே விளங்கி வைத்திருந்தோம். அதிகாரம் உள்ளவர், அதிகாரம் அற்றவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அது. ஆனால் கல்வி என்று வந்ததும் அந்தப் பொருளைத் தலைகீழாக்கி விடுகின்றோம். அமைச்சு மாகாணத்தைக் கேட்கும். மாகாணம் வலயத்தைக் கேட்கும். வலயம் அதிபரைக் கேட்கும். அதிபர் ஆசிரியரைக் கேட்பார். கேள்வி படியிறங்கி வருகின்றது. பதில் மட்டும் படியேறிப் போவதில்லை. "கணித ஆசிரியர் எங்கே?" என்று கீழிருந்து எழுதப்பட்ட ஐந்து கடிதங்களுக்கு மேலே யாரும் பொறுப்புக்கூறியதில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது போல, கண்ணுக்குத் தெரிகின்ற, கைக்கு எட்டுகின்ற ஒரே ஆளாகிய ஆசிரியர் மீது பாரம் முழுவதும் இறங்குகின்றது.

இது வன்னிக்கு மட்டும் உரிய கதை அல்ல. மலையகத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்கவென்று உயர்தரம் சித்தியடைந்த இளைஞர் யுவதிகளை "ஆசிரிய உதவியாளர்கள்" என்ற பெயரில் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்ட மாதாந்தக் கொடுப்பனவு 6,000 ரூபா. போராட்டங்களின் பின்னரே அது 10,000 ரூபாவானது. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போதாத அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கொழும்பின் பிரபல பாடசாலைகளுடன் அவர்களின் பெறுபேறுகளை ஒப்பிட்டவர்களும் இருந்தார்கள்.

பெறுபேறு எதை அளக்கின்றது என்பதையும் யோசிக்க வேண்டும். மூன்றாம் தரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளை, வகுப்பேற்றப்பட்டு வகுப்பேற்றப்பட்டு பதினோராம் தரத்துக்கு வருகின்றது. கல்விப் பணிமனையின் கணக்கில் அது ஒவ்வோர் ஆண்டும் "முன்னேறிய" பிள்ளை. அஞ்சல் ஓட்டத்தில் முன்னால் ஓடியவர்கள் எல்லோரும் பிந்தியிருக்க, கடைசியாகக் கோலை வாங்கி ஓடுபவரை மட்டும் பிடித்துத் தோல்விக்குக் காரணம் கேட்பதைப் போன்றதே, பதினோராம் தர ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. மறுபுறத்தில், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வைத்து, கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும் நகரப் பாடசாலை, அவர்கள் 9 ஏ எடுத்ததும் அதைத் தனது சாதனையாகப் பறைசாற்றுகின்றது. அந்த ஒரே பிள்ளையின் படம் பாடசாலையின் பதாகையிலும், தனியார் கல்வி நிலையத்தின் பதாகையிலும், பழைய மாணவர் சங்கத்தின் வாழ்த்திலும், பாராளுமன்ற உறுப்பினரின் முகநூலிலும் இருக்கும். சித்தியடையாத பிள்ளைக்கு எவரும் உரிமை கோருவதில்லை.

இவற்றையெல்லாம் சொல்வதனால் ஆசிரியர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று நான் வாதிடுவதாக எவரும் எண்ண வேண்டியதில்லை. காலையில் வகுப்பறையில் வாய் திறக்காதவர், மாலையில் தகரக் கொட்டகையின் கீழ் 200 பிள்ளைகளுக்கு ஒலிவாங்கி பிடித்து அதே பாடத்தை அழகாகப் படிப்பிப்பதை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. கஷ்டப் பிரதேச நியமனத்தைப் பெற்றுக்கொண்டு, அரசியல்வாதியின் கடிதத்தோடு ஆறு மாதத்தில் நகரத்துக்கு வந்துவிடுபவர்கள் இருக்கின்றார்கள். மேலே சொன்ன விஞ்ஞான ஆசிரியரும் ஓர் ஆசிரியர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இத்தகையவர்கள் மீது விசாரணை என்று வந்தால், சம்பளத்துக்காக வீதிக்கு இறங்கும் அதே தொழிற்சங்கம் இவர்களுக்காகவும் குரல் கொடுக்கின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி பொருந்தும் ஆசிரியர்களும் நிச்சயமாக உண்டு.

ஆனால் இவர்களை இனங்காண எமது முறைமையிடம் ஒரு கருவி இல்லை. பெறுபேறு அந்தக் கருவி ஆகாது. ஏனென்றால் வகுப்பறையில் உழைக்காத நகரத்து ஆசிரியரின் மாணவர்கள் தனியார் வகுப்பின் தயவில் சித்தியடைந்து விடுவார்கள். அவர் நல்லாசிரியர் விருதும் பெறுவார். பனங்காட்டுக்கு நடுவே சம்பளமின்றி உழைத்த பெண்ணின் மாணவர்கள் சித்தியடைய மாட்டார்கள். அவர் ஊரின் ஏச்சை வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பார்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் சிலர், பரீட்சைப் பெறுபேறுகளோடு ஆசிரியரின் பதவியையும் ஊதியத்தையும் பிணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுவதுண்டு. அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. 2002 இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் பாடசாலைகளைப் பரீட்சைப் புள்ளிகளால் அளந்தது. புள்ளி ஏறாத பாடசாலைகளுக்குத் தண்டனை விதித்தது. அட்லாண்டா நகரில் என்ன நடந்தது? மாணவர்களின் விடைத்தாள்களை ஆசிரியர்களே திருத்தி எழுதினார்கள். 2011 இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை, 44 பாடசாலைகளைச் சேர்ந்த 178 அதிபர்களும் ஆசிரியர்களும் மோசடியில் தொடர்புபட்டிருந்ததாகக் கூறியது. 2015 இல் 11 பேர் நீதிமன்றில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் பிள்ளைகளே. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நல்ல புள்ளி போடப்பட்டதால், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய விசேட உதவி கிடைக்காமற் போனது. 2015 இன் இறுதியில் அந்தச் சட்டமும் மாற்றப்பட்டது.

அப்படியானால் ஆசிரியரிடம் எதைக் கேட்பது? அவருடைய கையில் இருப்பதைக் கேட்போம். நேரத்துக்கு வந்தாரா? பாடத்தைத் தயார் செய்தாரா? பின்தங்கிய பிள்ளையின் கொப்பியைப் பார்த்தாரா? தனது வகுப்பு மாணவரிடமே மாலையில் பணம் வாங்குகின்றாரா? இவற்றை அறிய ஆசிரிய ஆலோசகர்கள் வகுப்பறையின் பின் வாங்கிலில் சென்று இருக்க வேண்டும். பணிமனையில் இருந்து படிவம் நிரப்புவதால் இது நடக்காது.

அடுத்து, மேலே இருப்பவரின் கையில் இருப்பதை மேலே கேட்போம். பெறுபேறுகளை வெளியிடும்போது, அந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இருக்கவில்லை என்பதையும் அருகிலேயே வெளியிடட்டும். தற்காலிக இணைப்புக்கு ஒப்பமிட்டவரின் பெயரும் அதில் இருக்கட்டும். 2015 இல் இஞ்சியோன் மாநாட்டில் கூடிய உலக நாடுகள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று இணங்கின. இலங்கை அரசாங்கத்தின் கல்விச் செலவு நீண்ட காலமாக 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கின்றது. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வியைத் தொடங்கிய நாடு இது. 2020 இலும் 2021 இலும் கொரோனாவாலும், 2022 இல் எரிபொருள் இன்மையாலும் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை இழந்த பாடங்களுக்கு எந்த ஆசிரியரைக் குற்றம் சொல்வது?

பெற்றோரையும் விட்டுவிட முடியாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வராதவர்கள், பெறுபேறு வந்த அன்று அதிபரின் அறை வாசலில் நிற்கின்றார்கள். தனியார் வகுப்புக்கு மாதா மாதம் தவறாமற் பணம் கட்டுபவர், வகுப்பறையில் ஏன் பாடம் நடக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதுவதில்லை.

இறுதியாக, எமது தொழில். 9 ஏ பெற்றவர்களின் படங்களைப் போட நாங்கள் முழுப் பக்கம் ஒதுக்குகின்றோம். சித்தியடையாதவர்களுக்கு அதன்பின் என்ன நடந்தது என்று தேடிச் சென்ற செய்திகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த அதிபர் வந்து போன பின்னர், என் மேசைக்கு வந்த ஒவ்வொரு பெறுபேற்றுச் செய்தியையும் அனுப்பிய நிருபரிடம் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தப் பாடத்துக்கு அங்கே ஆசிரியர் இருந்தாரா, எவ்வளவு காலம் இருந்தார் என்பதே அது. பதில் வரும்வரை செய்தி போகாது. சில நாட்களில் அந்தப் பதிலே பெரிய செய்தியாக இருந்தது.

அந்த ஐந்து கடிதங்களின் பிரதிகளை அதிபர் என்னிடம் விட்டுச் செல்லவில்லை. அன்று நான் கேட்டிருந்தால் தந்திருப்பார். அவற்றைத் திகதியோடு, வலயத்தின் அந்த ஒருவரிப் பதிலோடு, முதற் பக்கத்தில் போட்டிருக்கலாம். எனக்கு அது அன்று தோன்றவில்லை. ஆசிரியர்களைப் பொறுப்புக்கூறச் சொல்லி எழுத வரும்போதெல்லாம், நான் கூறாமல் விட்ட அந்தப் பொறுப்புத்தான் முதலில் நினைவுக்கு வருகின்றது.