பாட்டனாரின் பதினெட்டுத் தோட்டாக்கள்

முன்னோர் விட்டுச் செல்லும் பொருள்களுள் வீடும் வயலும் பங்கிடுதற்கு எளியன. அளந்து கொள்ளலாம், உறுதி எழுதலாம். பெட்டியின் அடியிற் கிடக்கும் சிறு பொருள்களே பிள்ளைகளைப் பெரிதும் மயங்க வைப்பன. சென்ற விடுமுறையில் அத்தகைய மயக்கம் ஒன்றைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு நம்மீது சுமத்தப்பட்டது.

பதுளைக்கு அண்மையில் நமது பழைய நண்பர் ஒருவரின் குடும்பம் வாழ்கிறது. நண்பரின் தகப்பனார் தேயிலைத் தோட்டமொன்றிற் பெரிய கிளாக்கராகக் கடமையாற்றி, அங்கேயே நிலம் வாங்கிக் குடியமர்ந்த யாழ்ப்பாணத்தவர். நண்பர் காலமாகி ஓராண்டு நிறைந்தபின், அவருடைய மக்கள் இருவரும் கூரையடியிற் கிடந்த பாட்டனாரின் றங்குப் பெட்டியைத் திறந்தனர். காக்கிச் சட்டை ஒன்று, காலாவதியான துவக்கு அனுமதிப்பத்திரம், சிறு கொப்பி ஒன்று, ஒரு மட்டைப் பெட்டி ஆகியவை வெளிவந்தன. மட்டைப் பெட்டியில் 25 தோட்டாக்களுக்கு இடம் இருந்தது, எஞ்சியிருந்தவை 18. துவக்கு பல்லாண்டுகளுக்கு முன்னரே முறைப்படி கைமாறிவிட்டது. தோட்டாக்கள் மாத்திரம் எவர் கண்ணிலும் படாது தங்கிவிட்டன.

மூத்தவர் தோட்டக்காரர். காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிண்டி எறிவதைத் தினமும் காண்பவர். "அயலவரிடம் அனுமதி பெற்ற துவக்கு இருக்கிறது. அப்பு வாங்கிய தோட்டா பன்றிக்குத்தான். அவரிடம் கொடுத்துச் சுடச் சொல்வோம், அதுவே அப்புவுக்குச் செய்யும் மரியாதை" என்றார். இளையவர் கொழும்பிற் கணக்காளர். "அண்ணை, சுட்டபின் மிஞ்சுவது புகையும் கருகிய கடதாசியும். கண்ணாடி அலுமாரியில் வைத்தால் நம் பிள்ளைகளும் பார்ப்பார்கள்" என்றார். இருவரும் நம்மை நோக்கி, "மாஸ்டர், நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றனர்.

நாம் எதனையும் தொடாமல் முதலிற் பார்த்தோம். பெட்டியின் மேல் 'ஈலி-கைனொக்' என்ற பெயரும், அடியில் 'இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ்' என்ற பெயரும் அச்சாகியிருந்தன. பிந்திய நிறுவனம் தோன்றியது 1926 ஆம் ஆண்டில். ஆதலால் பெட்டி அதற்கு முற்பட்டதன்று. கூடுகள் கடதாசியாலானவை, பிளாஸ்டிக் கூடு பரவியது 1960 ஆம் ஆண்டுக்குப் பின்னரே. '12 போர்' என்னும் அளவுக்குப் பொருள் யாது என மூத்தவரின் மகன் வினவினான். ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுவே குழலின் வாயளவு என்றோம். பையனின் கை பெட்டியை நோக்கி நீண்டது. அவனுடைய தாய் அதனைப் பிடித்துக்கொண்டாள்.

மாணவர்கள் அறிதற்பொருட்டுத் தோட்டாவின் தொழிலைச் சுருக்கமாகக் கூறுவோம். துவக்கின் ஊசி, தோட்டாவின் அடியிலுள்ள கேப்பைத் தட்டுகிறது. கேப்பின் தீ மருந்திற் பற்றுகிறது. பெருகும் வாயு, இடையிலுள்ள தக்கையையும் அதன் முன்னுள்ள சன்னங்களையும் குழல்வழியே தள்ளுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் உரிய கணத்தில் நிகழ்ந்தாலன்றிச் சுடுபவனுக்கே ஆபத்து.

பழைய தோட்டா எல்லாம் கெட்டுவிடும் என்று சொல்வதற்கில்லை. குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவை பல பத்தாண்டுகளின் பின்னும் ஒழுங்காக வெடித்ததுண்டு. ஆயின் இப்பெட்டி இருந்த இடமோ தகரக் கூரையின் கீழ். பகலில் வெப்பம், இரவில் மலைநாட்டுப் பனி. சிலவற்றின் கடதாசிக் கூடு ஈரத்தில் ஊதியிருந்தது. பித்தளை அடியிற் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. ஈரம் புகுந்த தோட்டா சிலவேளை தட்டியவுடன் வெடியாது, சற்றுத் தாமதித்து வெடிக்கும். பொறுமையற்றவன் துவக்கைத் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோகும் கணம் அதுவாகவும் இருக்கலாம். சிலவேளை மருந்து அரைகுறையாக எரிந்து, தக்கை குழலின் நடுவே சிக்கிவிடும். அதனை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டாற் குழலே பிளக்கும். புகையற்ற மருந்திலுள்ள நைத்திரோசெலுலோசு மெல்லமெல்லச் சிதையும் இயல்பினது. அச்சிதைவைத் தடுக்கவெனச் சேர்க்கப்படும் பொருள் காலப்போக்கிற் செலவாகிறது; வெப்பம் அதனை விரைவுபடுத்துகிறது. முற்காலக் கேப்புகள் பலவற்றிலோ, எரிந்தபின் உப்பு எஞ்சிக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும் பொருளும் இருந்தது. "பன்றிக்கு வைத்த வெடி அயலவரின் கண்ணைப் பறித்தால் அது அப்புவுக்கு மரியாதையாகுமா?" என்று கேட்டோம். மூத்தவர் பேசவில்லை.

இளையவர் முகம் மலர்ந்தது. அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழந்தோட்டா சேகரிப்போர் உளர். மூடியும் எழுத்தும் எண்ணிக்கையும் குறையாத பெட்டிக்கு அவர்களிடையே மதிப்பு அதிகம். அன்னோரும் தத்தம் நாட்டுச் சட்டத்துக்கு அமைந்தே அவற்றை வைத்திருத்தல் வேண்டும். நம் நாட்டிலோ 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதி பாட்டனாரின் பெயருக்கே வழங்கப்பட்டது. அவரோடு அது முடிந்தது. வயலைப்போல அது பேரனுக்கு இறங்குவதில்லை. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், அலுமாரிக் கண்ணாடி ஆறு வயதுப் பிள்ளைக்கு எத்துணைத் தடை? வீடு தீப்பற்றினால் அணைக்க வருவோரின் நிலை யாது? குழலுக்கு வெளியே வெடிக்கும் தோட்டாவும் கூடு சிதறிக் காயப்படுத்த வல்லது.

"அப்படியானாற் கிணற்றிற் போடுவோமா? புதைத்துவிடுவோமா?" என்றார் மூத்தவர். இரண்டும் தவறு. புதைத்ததை ஒருநாள் மண்வெட்டி கண்டுபிடிக்கும். தோட்டாவை வெட்டி மருந்தைக் கொட்டுவதும், அடுப்பில் இடுவதும் அதனினும் பெருந்தவறு. அப்பணி பயிற்சி பெற்றோருக்கே உரியது.

அதுவரை வாய் திறவாதிருந்த நண்பரின் மனைவியார் கொப்பியை நம்மிடம் நீட்டினார். "மாமா எண்ணி எண்ணித்தான் வெடி வைப்பார். இதைப் படியுங்கோ மாஸ்டர்" என்றார்.

1957 ஆம் ஆண்டில் 25 தோட்டாக்கள் பெற்றதாக முதல் வரி. அதன்கீழ் அழகிய கிளாக்கர் எழுத்தில் ஏழு வரிகள். ஒவ்வொன்றிலும் திகதி, காரணம், மீதி. நான்கு பன்றிக்கு, இரண்டு குரங்குகளை வெருட்ட வானத்தை நோக்கி. ஏழாவது வரியில், 'தவறியது. இருளிற் சுட்டது என் பிழை' என்றிருந்தது. மீதி 18.

சகோதரர் இருவரும் அந்த வரியை நெடுநேரம் பார்த்தனர். வாக்குவாதம் அத்துடன் நின்றது. எவரும் கேட்டிராத பிழையைத் தாமே கணக்கில் எழுதிவைத்த மனிதரின் பொருளைக் கணக்கின்றிச் சுடவும், சட்டத்துக்கு ஒளித்து வைக்கவும் அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை.

மறுநாட் காலையிற் கிராம அலுவலர் மூலம் பொலிசாருக்கு அறிவித்தனர். பெட்டியைப் பஸ்ஸிற் கொண்டுசெல்ல வேண்டாம் என்று நாம் தடுத்தமையால், உத்தியோகத்தர்களே வீட்டுக்கு வந்து எண்ணிப் பெற்றுக்கொண்டனர். வெறும் மட்டைப் பெட்டியை இளையவர் கேட்டார், மறுக்காமற் கொடுத்தனர். இன்று அலுமாரியில் இருப்பது அதுவும் கொப்பியுமே.

விட்டுச் சென்றவரின் நினைவு வேறு, அவர் விட்டுச் சென்ற மருந்து வேறு. முன்னதைப் பேணப் பின்னதை வைத்திருத்தல் வேண்டியதில்லை. நேயர்கள் வீட்டுப் பழம் பெட்டிகளிலும் இத்தகைய பொருள் இருப்பின், தொடாமலும் ஒளிக்காமலும் உரியவர்களுக்கு அறிவிப்பார்களாக.

நாம் விடைபெறும் வேளையில் மூத்தவர் கொப்பியைத் திறந்து, பாட்டனாரின் ஏழாவது வரிக்குக் கீழே எட்டாவது வரியை எழுதினார்: 'ஒப்படைத்தது 18. மீதி இல்லை.'