பன்னீர் திராட்சையில் 'ஒயின் பஞ்ச்' செய்து விற்கலாமா?

கேள்வி: "இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். வரத்து கூடும் நாள்களில் வியாபாரி கிலோ 25 ரூபாய்க்கு மேல் கேட்பதில்லை. கோடை விடுமுறையில் தேக்கடிக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி எங்கள் பந்தலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பழம் வாங்குவதற்கு முன்பே, 'ஒயின் இருக்கா?' என்று கேட்கிறார்கள். என் மகன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, 40 கிலோ பழத்தில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு டிரம்மில் ஊற வைக்கலாம், பிறகு எலுமிச்சை, பழத்துண்டு சேர்த்து 'ஒயின் பஞ்ச்' என்று டம்ளரில் கொடுக்கலாம் என்கிறான். டிரம்கூட வாங்கிவிட்டான். செய்யலாமா சார்?"

- ஒரு வாசகர், கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.

பதில்: ஒயின் செய்ய வேண்டாம். பஞ்ச் தாராளமாகச் செய்யலாம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சட்டம். 1937-ம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஒயினும் மதுதான். 'சொந்தத் தோட்டத்துப் பழம்', 'வீட்டுக்குத்தான் செய்தேன்' என்பதெல்லாம் எடுபடாது. கடையில் வாங்கிய ஒயினைக் கலந்து கொடுத்தாலும், உரிமம் இல்லாமல் மது விற்ற கணக்குத்தான். பக்கத்தில் குமுளியில் கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஒயின் செய்யும் பழக்கம் உண்டே என்று உங்கள் மகன் கேட்பார். கேரளாவில் பழங்களிலிருந்து ஒயின் எடுக்கும் சிறு ஆலைகளுக்கு 2022-ல் விதிமுறை கொண்டுவந்தார்கள். அங்கேயும் உரிமம் வாங்கித்தான் செய்ய வேண்டும். மகாராஷ்டிராவில் 2001-லும், கர்நாடகாவில் 2007-லும் ஒயினுக்கென்று தனிக் கொள்கையே வந்தது. அங்கேயும் அது ஆலைத் தொழில்தான். டிரம்மில் செய்கிற வேலை இல்லை.

இனி பஞ்ச். அந்தப் பெயரே நம் நாட்டிலிருந்து போனது என்பது பரவலான கருத்து. 'பாஞ்ச்' என்றால் இந்தியில் ஐந்து. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து பொருள்கள். கோயில் திருவிழாவில் நாம் ஊற்றும் பானகத்தை நினைத்துப் பாருங்கள். வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கு, ஏலக்காய். சாராயம் ஒன்றுதான் இல்லை. அந்த இடத்தில் உங்கள் திராட்சைச் சாற்றை வையுங்கள். அவ்வளவுதான் கோடைக்கான பழ பஞ்ச்.

ஆனால், ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. திராட்சைச் சாறு தானாகவே ஒயினாக மாறப் பார்க்கும். பழத்தோலிலேயே இயற்கையான ஈஸ்ட் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் பிழிந்த சாற்றை அப்படியே வைத்தால், ஓரிரு நாளில் நுரை கட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஏறக்குறைய பாதியைச் சாராயமாகவும், பாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அந்த வாயு வெளியே போக வழி இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மகளிர் குழுவுக்குத் திராட்சை ஸ்குவாஷ் பயிற்சி கொடுத்தேன். "இவ்வளவு சர்க்கரையா சார், பாதி போடலாமே" என்று ஓர் அம்மா கேட்டார். சர்க்கரை விலையை நினைத்து நானும் சரி என்றேன். "மருந்து எதுவும் வேண்டாம், இயற்கையாகவே இருக்கட்டும்" என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். நான்காம் நாள் இரவு, அந்த அம்மா வீட்டு அலமாரியில் இருந்த மூன்று பாட்டில்கள் வெடித்தன. கீழே பாயில் அவருடைய மகள் படுத்திருந்தாள். தலைமாட்டில் கண்ணாடிச் சில்லு. நல்லவேளையாகக் காயம் இல்லை. மறுநாள் அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு சில்லை எடுத்து என் கையில் வைத்தார். அன்றிலிருந்து, பயிற்சியில் யார் கேட்டாலும் அளவைக் குறைக்க நான் சம்மதிப்பதில்லை.

சாறு ஒயினாக மாறாமல் தடுக்க மூன்று காவல் உண்டு: சூடு, போதுமான சர்க்கரையும் புளிப்பும், அளவான பதப்படுத்தி. மூன்றும் இருந்தால்தான் பாட்டில் நிற்கும். அதனால், பஞ்ச்சுக்கு அடிப்படையாக ஸ்குவாஷைச் செய்து வையுங்கள். விருந்தினர் வரும்போது கலந்து கொடுங்கள்.

பழம்

நன்றாகக் கறுத்த, முழுப் பழமாக எடுங்கள். வெடித்தது, பூஞ்சை பிடித்தது, உதிர்ந்து தரையில் கிடந்தது வேண்டாம். 'விற்காததைச் சாறு பிழிவோம்' என்ற எண்ணம்தான் இந்தத் தொழிலில் முதல் தவறு. பூச்சி, பூஞ்சண மருந்து அடித்திருந்தால், அதன் லேபிளில் சொல்லியிருக்கும் காத்திருப்பு நாள்கள் முடிந்த பிறகே அறுவடை செய்யுங்கள். ஓடும் தண்ணீரில் கழுவுவது நல்லது. ஆனால், கழுவினால் மருந்து முழுவதும் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

சாறு எடுத்தல்

காம்பை நீக்கிப் பழத்தைக் கையால் நசுக்குங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து துவர்ப்பும் கசப்பும் இறங்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்குங்கள். தோலில் இருக்கும் நிறம் சாற்றில் இறங்கும். கொதிக்க விட்டால் பன்னீர் வாசம் போய்விடும். 150 ரூபாய் செலவானாலும் ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியம், இரும்பு, பித்தளைப் பாத்திரங்கள் கூடாது. துணியில் வடிகட்டி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அடியில் மணல் போலப் படிந்திருக்கும். அது திராட்சையில் இயற்கையாக உள்ள டார்டாரிக் அமில உப்பு. மேலே தெளிந்த சாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், பின்னால் பாட்டிலில் படிந்து, "கண்ணாடித் தூள் கிடக்கிறது" என்று வாங்கியவர் சண்டைக்கு வருவார். ஒரு கிலோ பழத்தில் 600 மில்லி சாறு கிடைக்கும் என்று கணக்கு வையுங்கள்.

ஸ்குவாஷ்

சாறு 1 லிட்டர், சர்க்கரை ஒன்றரை கிலோ, தண்ணீர் 1 லிட்டர், சிட்ரிக் அமிலம் 20 கிராம், சோடியம் பென்சோயேட் 2 கிராம். சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலம் மூன்றையும் கொதிக்க வைத்து வடிகட்டி ஆற விடுங்கள். ஆறிய பாகில் சாற்றைக் கலக்குங்கள். கொதித்து ஆறிய நீர் இரண்டு கரண்டியில் பென்சோயேட்டைக் கரைத்துக் கடைசியில் சேருங்கள். இது ஏறக்குறைய 3 லிட்டர் வரும்.

ஸ்குவாஷ் என்று பெயர் போட, பழச்சாறு குறைந்தது 25 சதவிகிதமும், கரைந்த திடப்பொருள் 40 சதவிகிதமும் இருக்க வேண்டும். இந்த அளவில் இரண்டுமே அதற்கு மேல் இருக்கும். பென்சோயேட்டைக் கண் அளவில் போடாதீர்கள். கிராம் காட்டும் சின்னத் தராசு அவசியம். கிலோவுக்கு 600 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உணவுத் தரம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மாம்பழ, எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடும் பொட்டாசியம் மெட்டா பை சல்பைட்டைத் திராட்சைக்குப் போட்டால் நிறம் வெளுத்துவிடும்.

கண்ணாடி பாட்டில்களைத் தண்ணீரில் மூழ்க வைத்து அரை மணி நேரம் கொதிக்க விட்டு, கவிழ்த்து உலர்த்தி, மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி மூடுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். திறந்ததை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். நுரை, உப்பிய மூடி, சாராய வாசம் எது தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். "கொஞ்சம் புளிச்சிருக்கு, பரவாயில்லை" என்று யாருக்கும் ஊற்ற வேண்டாம்.

'சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா?' என்பது அடுத்த கேள்வியாக வரும். அன்றே குடிக்கும் பானகத்துக்கு வெல்லம் அருமை. பாட்டிலில் அடைப்பதற்கு வேண்டாம். நிறம் மங்கும், கசடு படியும்.

20 பேருக்கு பஞ்ச்

இஞ்ச் அளவுக்குப் பட்டை ஒன்று, கிராம்பு 4, ஏலக்காய் 4, தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டு. இவற்றை 250 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டி ஆற வையுங்கள். இன்னொரு 250 மில்லியில் பால் சேர்க்காத தேயிலைச் சாயம் எடுத்து ஆற வையுங்கள். ஒயின் குடிப்பவர்கள் நாக்கில் தேடும் அந்தத் துவர்ப்பைத் தேயிலை கொடுத்துவிடும். ஸ்குவாஷ் 1 லிட்டர், குளிர்ந்த குடிநீர் இரண்டேகால் லிட்டர், ஆரஞ்சுச் சாறு 300 மில்லி, நான்கைந்து எலுமிச்சையின் சாறு ஆகியவற்றுடன் மசாலா நீரையும் தேயிலைச் சாயத்தையும் கலந்துகொள்ளுங்கள். கொய்யா, அன்னாசி, விதையில்லாத திராட்சையைச் சிறு துண்டுகளாகப் போட்டு, புதினா கிள்ளிப் போடுங்கள். ஆளுக்கு 200 மில்லி டம்ளர் ஒன்று தாராளமாக வரும்.

ஐஸ் விஷயத்தில் கவனம். மீன் பெட்டியில் போடும் கட்டி ஐஸ் குடிப்பதற்கு உரியது அல்ல. குடிநீரில் நீங்களே உறைய வைத்ததை மட்டும் போடுங்கள். கலந்த பஞ்ச்சை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். ஒரு டம்ளரில் 28 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கணக்கு

ஒரு லிட்டர் சாற்றுக்குப் பழம் 42 ரூபாய். ஒன்றரை கிலோ சர்க்கரை, கிலோ 45 என்று வைத்தால் 68. 700 மில்லி பாட்டில் நான்கு, மூடி, லேபிள் சேர்த்து 20 வீதம் 80. கேஸ், அமிலம் மற்றவை 30. மொத்தம் 220 ரூபாய். ஒரு பாட்டில் 55 ரூபாய் அடங்கும். கூலி தனி. உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒருமுறை சரிபாருங்கள். இதில் பழத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே, மட்டமான பழத்தைப் போட்டு மிச்சம் பிடிக்க இங்கே ஒன்றுமில்லை. இன்னொன்று, 40 கிலோ பழம் என்றால் 95 பாட்டில் ஆகிவிடும். முதல் முறை ஐந்து கிலோவில் ஆரம்பியுங்கள். அது விற்ற பிறகு அடுத்தது.

விற்பதற்கு முன்

விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கு அடிப்படைப் பதிவு போதும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே லேபிளில் போடுங்கள். பொருள்களின் பட்டியல், பதப்படுத்தி, தயாரித்த தேதி, பதிவு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'ஒயின்' என்ற சொல் லேபிளிலும் வேண்டாம், பலகையிலும் வேண்டாம். 'திராட்சை பஞ்ச்' போதும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையைப் போட வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். ஆண்டு முழுவதும் அறுவடை தரும் திராட்சைப் பகுதி நம்முடையது. அந்தப் பெயருக்கு வெளியூரில் மதிப்பு உண்டு. ஒரு வெடித்த பாட்டில், ஒரு போலீஸ் வழக்கு போதும், அந்தப் பெயர் கெட. ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள்.

உங்கள் மகன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழத்தை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளாமல், நாமே ஒரு பொருளாக்கி விற்க நினைக்கிறார். அந்த எண்ணம் நல்லது. அவரைத் திட்டாமல், வெப்பமானியையும் தராசையும் அவர் கையில் கொடுங்கள். வாங்கிய டிரம் வீணாகாது. பஞ்சகவ்யா தயாரிக்க வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஐந்து பொருள்தான். அது நொதிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.