எக்ஸ் என்றொரு சாயாக்கடை

"மாமா, எனக்க லேப்டாப் செத்துப்போச்சு."

திருவட்டாறு வீட்டுத் திண்ணையில் அக்கா மகன் வந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். நண்பன் பேச்சைக் கேட்டு அதில் வெறும் டெபியன் லினக்ஸ் ஏற்றியிருக்கிறான். ரிப்பேர் கடையில் 'போர்டு போச்சு, 4,000 ஆகும்' என்றார்களாம். திங்கட்கிழமை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இன்டர்வியூ வேறு. பயோடேட்டாவில் 'லினக்ஸ் தெரியும்' என்று எழுதிவிட்டான். (எழுதுவதற்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.)

"ஸ்டார்ட்எக்ஸ்னு அடி, மக்களே."

அடித்தான். கன்னங்கரேலென்று திரை. இடது மூலையில் ஒரே ஒரு பெட்டி. தலைப்பும் இல்லை, மூடும் பட்டனும் இல்லை. இழுத்தால் நகரவில்லை. தட்டினால் எழுத்தும் விழவில்லை.

"பாத்தியளா? கீபோர்டும் போச்சு. எனக்கு இதெல்லாம் வராது மாமா."

மவுஸை நகர்த்தி, அம்புக்குறியைப் பெட்டிக்குள் வைத்தேன். எழுத்து விழுந்தது. 4,000 ரூபாய் மிச்சம்.

விஷயம் இதுதான். 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் இருவரும் தொடங்கியது இந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம். பெயருக்கு அதிகம் மெனக்கெடவில்லை. முந்தினது டபிள்யூ, எனவே அடுத்தது எக்ஸ். 1987-ல் வந்த பதினொன்றாம் பதிப்புதான் கடைசிப் பதிப்பு. இப்போது பல புது லினக்ஸ்களில் வேலண்ட் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் எக்ஸ் ஓய்வுபெற மறுக்கிறது.

எக்ஸை ஒரு சாயாக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்தான் சர்வர். எங்கோ ஏசி அறையில் இல்லை, உங்கள் மேஜையிலேயே இருக்கிறார். திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றும் அவர் பொறுப்பு. புரோகிராம்கள் எல்லாம் வாடிக்கையாளர்கள். உள்ளூர்க்காரரும் வரலாம், குலசேகரத்திலிருந்தும் வரலாம். அதாவது, வேறொரு கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமும் உங்கள் திரையில் ஜன்னல் போடலாம். அந்தக் காலத்தில் இதுதான் பெரிய அதிசயம்.

ஆனால் யார் எந்த பெஞ்சில் உட்காருவது என்பதில் கடைக்காரர் தலையிட மாட்டார். 'கொஞ்சம் தள்ளி இரியும் வோய்' என்று சொல்ல ஓர் அண்ணாச்சி வேண்டும். அவர்தான் விண்டோ மேனேஜர். அவர் இல்லாவிட்டால் வருகிறவர்கள் பெரும்பாலும் அதே இடது மூலையில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காருவார்கள். ஜன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று எக்ஸைச் செய்தவர்கள் வேண்டுமென்றேதான் முடிவு செய்யாமல் விட்டார்கள். திரை காலியாக இருந்தது பையன் குற்றமில்லை.

டி.டபிள்யூ.எம். என்ற பழைய அண்ணாச்சியை இறக்கி ஓடவிட்டோம். பெட்டிக்குத் தலைப்பு வந்தது. இழுத்தான், நகர்ந்தது. பையன் முகத்தில் தீபாவளி.

அவனிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். என் முதல் வேலையில், முதல் நாள், இதே பெட்டியைக் காலை முழுக்க முறைத்துக்கொண்டிருந்தேன், பக்கத்து சீட்டில் கேட்க வெட்கப்பட்டு. கேட்டிருந்தால் அரை நிமிஷம். கேட்காததால், 'எனக்கு இதெல்லாம் வராது' என்று இரண்டு மாதம் நம்பினேன்.

கடைசியாக எக்ஸ்ஐஸ் போட்டுக் காட்டினேன். திரையில் இரண்டு கண்கள். மவுஸ் போகும் பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

"இது எதுக்கு மாமா?"

"வேலை கிடைச்சா மேனேஜர் இப்படித்தான் பார்ப்பார். இப்பவே பழகிக்கோ மக்களே."