நான் வக்கீல் தொழிலை விட்டால் துரோகியா?

ஒன்பது வருடமாகக் கறுப்புக் கோட்டுப் போடுகிறேன். கடந்த ஒரு வருடமாக, காலையில் கழுத்துப்பட்டையைக் கட்டும்போதெல்லாம் இதை விட்டுவிடலாமா என்றுதான் யோசனை. தனியார் சட்டக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம். இதை இயக்கத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். "நீங்களும் போயிட்டா நம்ம ஜனங்களுக்கு யார் இருக்கா?" என்றார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் முதல் வக்கீல் நான். அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனில்தான் கோட்டும் கவுனும் வந்தன. சீனியர் ஆபீசில் முதல் வருடம் கிடைத்தது பஸ் காசு. கூடவே சேர்ந்த இன்னொரு ஜூனியருக்கும் அதே பஸ் காசுதான். ஆனால் அவருக்கு அப்பாவின் ஆபீஸ் இருந்தது, புத்தக அலமாரி இருந்தது, குமாஸ்தா இருந்தார், தாத்தா காலத்துக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். அவருக்கு அது பயிற்சி. எனக்குப் பட்டினி.

சீனியர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சேர்ந்த அன்று ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பாகப்பிரிவினைக் கட்டும் பேங்க் கட்டும் மற்றவர் மேசைக்குப் போயின. பி.சி.ஆர். கட்டுகள் என்னிடம் வந்தன. "உங்க ஆளுங்க கேஸை நீதாம்மா உணர்ச்சியோட நடத்துவ" என்று பாராட்டாகத்தான் சொன்னார். தனியாக ஆபீஸ் போட்ட பிறகும் அந்த முத்திரை போகவில்லை. நான் 'பி.சி.ஆர். வக்கீல்'. சிவில் கேஸ் தேடி யாரும் என் படியேறுவதில்லை.

அந்த கேஸ்களாவது நடக்கின்றனவா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். என்னிடம் ஏழு வருடக் கட்டு இருக்கிறது. கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டது 2003இல். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021இல். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025இல். நாடே அறிந்த வழக்கின் கதி அது.

தீருதவித் தொகையும் தவணைதான். பல குற்றங்களுக்கு முதல் தகவல் அறிக்கையின்போது கால் பங்கு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் பாதி, மீதிக் கால் பங்கு தண்டனை கிடைத்தால். அந்தப் பணத்தில் பங்கு கேட்கும் வக்கீல்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இதை நாம் மேடையில் பேசுவதில்லை, பேச வேண்டும். அவர்களைத் திட்டிக்கொண்டே, வாடகை நாள் நெருங்கும்போது நானும் ஒருமுறை அப்படி நினைத்திருக்கிறேன். கேட்கவில்லை. நினைத்தேன்.

போன மார்கழியில் என் சாட்சி ஒருவர் பிறழ் சாட்சியானார். கூண்டிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "தப்பா நெனச்சுக்காதம்மா, அவங்க தோட்டத்துலதான் மக வேலை பாக்குது." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிய பிறகுதான் அழுதேன். அந்தப் பயணத்தில்தான் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கோகுல்ராஜ் வழக்கில் முக்கியமான சாட்சி பிறழ்ந்தார். ஆனால் தாய் சித்ரா போராடிப் பெற்ற அரசு வழக்கறிஞர் ப.பா. மோகன், சி.சி.டி.வி. பதிவு உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு வழக்கை நடத்தினார். 2022இல் யுவராஜ் உள்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. மேலவளவுக்காகவும் கண்ணகி-முருகேசனுக்காகவும் பொ. இரத்தினம் எத்தனை வருடம் நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும். வக்கீல் யார் என்பதில் வழக்கின் உயிர் இருக்கிறது. தோழர் கேட்ட கேள்வி அந்த வகையில் நியாயமானதே.

ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் சரியில்லை. "அண்ணல் இப்படி ஓடினாரா?" என்றார். அம்பேத்கர் 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தீண்டப்படாதவருக்கு யார் வழக்குக் கொடுப்பார்கள்? வருமானம் போதாமல் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். பிறகு அரசு சட்டக் கல்லூரியில் கற்பித்து, 1935இல் அதன் முதல்வரும் ஆனார். அவருக்கே தொழில் மட்டும் சோறு போடவில்லை. நமக்கு வழி இன்னும் குறுகல். வக்கீலாக இருந்துகொண்டே நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம். முழுநேரச் சம்பளம் என்றால் சன்னதை நிறுத்திவைக்க வேண்டும். பகுதிநேரச் சம்பளத்தில் வாடகைகூடத் தேறாது.

2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தது மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தரச் சொன்னது. எங்கள் பாரில் அதைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். நான் சிரிக்க முடியாது. என் ஜூனியருக்கு நான் கொடுப்பது 5,000. அவளும் முதல் தலைமுறை. என் சீனியர் எனக்குச் செய்ததை, முற்போக்கு பேசிக்கொண்டே நான் அவளுக்குச் செய்கிறேன். இதற்கிடையே, சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மூன்று வருடத்தை யாருடைய காசில் கடப்பது? அப்பாவின் ஆபீஸ் உள்ளவர் கடந்துவிடுவார். உச்ச நீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதியாக நம் ஊர் அ. வரதராசன் போனதே 1980இல்தான். அரசமைப்பு வந்து 30 வருடம் கழித்து.

அதனால் போகிறவரைப் பார்த்துத் துரோகி என்று சொல்லும் முன், அவர் எதைத் தின்று இருந்தார் என்று கேளுங்கள். தியாகம் செய் என்று ஒடுக்கப்பட்டவரிடம் சொல்வது சுலபம். காலங்காலமாகச் சொல்லப்பட்டதும் அதுதான். ஒரு மாவட்டத்தில் ஐந்து ஜூனியர்களுக்கு மாதம் 15,000 என்றால் 75,000 ரூபாய். ஒரு பொதுக்கூட்டத்தின் மேடை, ஃபிளெக்ஸ், ஒலிபெருக்கி, வேன் செலவு தோழர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

என் முடிவு இது. இரண்டு வழக்குகள் இறுதி வாதத்தில் இருக்கின்றன. அவை முடியும்வரை சன்னதை நிறுத்திவைக்கப் போவதில்லை. முடிந்ததும் கல்லூரிக்குப் போகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் துக்கம் இருக்கிறது. மீதிக் கட்டுகளை ஜூனியர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறாள். "சம்பளம் யாருக்கா தருவாங்க?" என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாவட்டக் குழுக் கூட்டம். அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.