கருக்கலைப்பு, கருணை மரணம், மூன்றாவது குழந்தை: பிரிட்டனில் நடப்பது என்ன?

2025 ஜூன் மாதம் ஒரே வாரத்தில் பிரிட்டன் பாராளுமன்றத்தின் கீழவை உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு வாக்கெடுப்புகளை நடத்தியது. 17-ம் தேதி, தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண் மீது எந்த மாதத்திலும் குற்ற வழக்கு கூடாது என்ற திருத்தம் 379-க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது. 20-ம் தேதி, ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று மருத்துவர்கள் கணிக்கும் நோயாளி, மருத்துவ உதவியுடன் தன் உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற மசோதா 314-க்கு 291 என்று தேறியது. ஏழைக் குடும்பத்தின் மூன்றாவது குழந்தைக்கு உதவித்தொகை கிடையாது என்ற சட்டமும் அதே வாரத்தில் அந்த நாட்டில் அமலில் இருந்தது. முதல் இரண்டை மட்டும் பேசி மூன்றாவதை விட்டுவிட்டால் விஷயம் புரியாது.

"மேற்கத்திய நாடுகளின் சீரழிவைப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் அந்த 291 பேரும் மேற்கத்தியர்கள்தாம். அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்த ஷபானா மஹ்மூத், அப்போதைய சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் இருவருமே மசோதாவை எதிர்த்து வாக்களித்தனர். பிராட்ஃபோர்டு எம்.பி. நாஸ் ஷா குழு விவாதங்களில் விடாமல் கேள்வி எழுப்பினார்.

முதலில் கருக்கலைப்பு. 1967-ம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலுடன் 24 வாரம் வரை கலைக்கலாம். அதற்கு வெளியே நடந்தால் 1861-ம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டம் பாயும். 2020-ல் கொரோனா காலத்தில், தொலைபேசி ஆலோசனைக்குப் பின் மாத்திரைகளைத் தபாலில் அனுப்பும் முறை வந்தது. 2022-ல் அது நிரந்தரமாக்கப்பட்டது. நேரில் பரிசோதிக்காததால் கருவின் வயதைப் பெண் சொல்வதை வைத்தே முடிவு செய்யும் நிலை. 2023-ல் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் சிறைக்குப் போய், மேல்முறையீட்டில் வெளியே வந்தார். அந்த வழக்கு எழுப்பிய அதிர்ச்சியும் இந்தத் திருத்தத்துக்கு ஒரு காரணம்.

அந்தத் தாயைச் சிறையில் அடைத்திருக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என் கேள்வி வேறு. பாராளுமன்றம் பெண்ணின் மீதிருந்த வழக்கை எடுத்தது; வழக்குக்குக் காரணமான தபால் முறையை அப்படியே விட்டுவிட்டது. மாத்திரை தருவதற்கு முன் ஒரு ஸ்கேன் கட்டாயம் என்று வைத்திருந்தால் தாயும் காப்பாற்றப்பட்டிருப்பார், ஏழு எட்டு மாதக் குழந்தையும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

இங்கே ஷரீஅத்தின் நிலையைச் சரியாகச் சொல்ல வேண்டும். பேசுபவர்கள் பலர் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 120 நாட்களில் ரூஹ் ஊதப்படுகிறது என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் அடிப்படையில் பெரும்பாலான உலமாக்களின் கருத்து. அதற்குப் பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர கலைப்பது ஹராம். அதற்கு முன்பு மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிக்கி மத்ஹபில் கடுமை அதிகம், ஹனஃபி அறிஞர்களில் பலர் தக்க காரணத்துக்காக அனுமதித்துள்ளனர். 1990-ல் மக்காவின் ஃபிக்ஹ் அகாடமி, குணப்படுத்த முடியாத கடும் ஊனம் உறுதியானால் 120 நாட்களுக்கு முன் அனுமதி உண்டு என்று தீர்மானித்தது. ஒரு நடைமுறைக் குறிப்பு: டாக்டர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். எனவே கரு உண்டானதிலிருந்து 120 நாள் என்பது ஸ்கேன் ரிப்போர்ட்டில் சுமார் 19 வாரமாக இருக்கும். மஸ்அலா கேட்பவர்களும் சொல்பவர்களும் இதில் குழம்புவதுண்டு.

இரண்டாவது, கருணை மரணம். நோயாளி மருந்தைத் தானே உட்கொள்ள வேண்டும். இரண்டு மருத்துவர்களும் ஒரு குழுவும் சம்மதிக்க வேண்டும் என்கிறது மசோதா. ஆரம்பத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியின் ஒப்புதல் என்று இருந்ததுதான் பிறகு குழுவாக மாறியது. காயத்தின் வேதனை தாங்காமல் கையை அறுத்துக்கொண்டு இறந்தவரைப் பற்றிய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இதில் நமக்குச் சந்தேகம் இல்லை. அதேசமயம், பலனற்ற சிகிச்சையை நிறுத்துவது இதிலிருந்து வேறுபட்டது. மருத்துவம் செய்துகொள்வது எல்லா நிலையிலும் கடமை அல்ல என்பதே பெரும்பாலான ஃபுகஹாக்களின் கருத்து. வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்த பிள்ளைகள் "வாப்பாவை நாமே கொன்றுவிட்டோமோ" என்று ஆண்டுக்கணக்கில் உருகுவது தேவையற்றது.

இந்த மசோதாவில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. 2025 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட தாக்க மதிப்பீட்டு அறிக்கையில், சட்டம் வந்தால் சுகாதாரச் செலவில் எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்கும் இருந்தது. கெட்ட எண்ணத்தில் போட்ட கணக்கு அல்ல. அது அதிகாரிகளின் வேலை. ஆனால் மறுபக்கம் பாருங்கள். நவீன வலி நிவாரண இல்லங்களுக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ், தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை 1967-ல்தான் திறந்தார். இன்றும் அந்நாட்டின் ஹாஸ்பிஸ்களுக்கு அரசு தருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி நன்கொடையும் உண்டியலும். இறப்பதற்கான வசதி அரசுச் செலவில், வலியின்றி வாழ்வதற்கான வசதி உண்டியல் காசில் என்றால், நோயாளி எதைத் "தேர்வு" செய்கிறார்?

மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். 2017 ஏப்ரல் 6-க்குப் பின் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு, யுனிவர்சல் கிரெடிட் உதவியில் குழந்தைக்கான பங்கு நிறுத்தப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 3,500 பவுண்டு. பாகிஸ்தானிய, பங்களாதேஷிய வம்சாவளிக் குடும்பங்களை இது அதிகம் பாதித்தது. பிரிட்டனில் கருக்கலைப்புச் சேவை தரும் பெரிய நிறுவனமான பிபாஸ் 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த வரம்பு பற்றித் தெரிந்திருந்து, அதனால் பாதிக்கப்படக்கூடிய நிலையிலும் இருந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர், கலைக்கும் முடிவில் அது முக்கியக் காரணம் என்று சொல்லியிருந்தனர். கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பு சொன்னதல்ல இது, அதைச் செய்துகொடுக்கும் நிறுவனமே சொன்னது.

வறுமைக்காகப் பிள்ளைகளைக் கொல்வதைக் குர்ஆன் இரண்டு இடங்களில் தடுக்கிறது. 6:151-ல் ஏற்கனவே வறுமையில் இருப்பவர்களிடம் பேசும்போது பெற்றோரின் ரிஜ்க் முதலில் வருகிறது. 17:31-ல் இனி வறுமை வருமோ என்று அஞ்சுபவர்களிடம் பேசும்போது பிள்ளைகளின் ரிஜ்க் முதலில் வருகிறது. இந்த வரிசை மாற்றத்தை முஃபஸ்ஸிர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். இரண்டாவது வகை அச்சத்தைத்தான் அந்தச் சட்டம் வீடுகளுக்குள் கொண்டுபோய் வைத்தது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலும் இதுபோல் ஒரு விதி இருந்தது. பால்குடி மறந்த குழந்தைக்கே பைத்துல்மால் உதவித்தொகை. மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்கு இரவுக் காவலாகப் போனபோது ஒரு குழந்தையின் அழுகை ஓயவில்லை. தாயிடம் கேட்டார்கள். கேட்பவர் கலீஃபா என்று தெரியாமல், "பால் மறக்கவைத்துக்கொண்டிருக்கிறேன், அப்போதுதானே உமர் தொகை தருவார்" என்றாள். மறுநாள் பஜ்ரில் அழுகையால் அவர்களின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று அறிவித்தார்கள். அவசரமாகப் பால் மறக்கவைத்த தாய்களை அவர்கள் தண்டிக்கவில்லை. விதியை மாற்றினார்கள்.

பிரிட்டனில் அந்த மாற்றத்துக்கு எட்டு வருடத்துக்கும் மேல் ஆனது. 2024 ஜூலையில் வரம்பை நீக்கக் கோரி வாக்களித்த ஏழு எம்.பி.க்களைத் தொழிற்கட்சி இடைநீக்கம் செய்தது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரல் முதல் வரம்பை நீக்குவதாக அறிவித்தார். கருணை மரண மசோதாவோ பிரபுக்கள் சபையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைச் சந்தித்தது.

இரண்டு குழந்தைக் கணக்கு நமக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். மூன்றாவது பேறு என்று சொல்லி மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் உச்சநீதிமன்றம் வரை போய்த்தான் 2025 மே மாதம் தன் உரிமையைப் பெற்றார்.

சட்டத்தை விடுங்கள், மஹல்லாவில் நம் நிலை என்ன? நான் பார்த்த பைத்துல்மால் விண்ணப்பப் படிவங்களில் கல்வி, மருத்துவம், திருமணம், சிறுதொழில் என்று கட்டங்கள் இருக்கின்றன. மூன்றாவதோ நான்காவதோ கருவுற்று, கணவனின் கூலி போதாமல் டாக்டரிடம் போகலாமா என்று யோசிக்கும் பெண் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாள்? மிஸ்கீன் என்ற வகையில் அவளுக்கு ஜகாத் தாராளமாகக் கொடுக்கலாம். மாதம் ஒரு தொகை வீதம் பிரசவம் முடிந்து ஓராண்டு வரை கொடுக்கும் திட்டத்தை ஜமாஅத் நிர்வாகிகள் வரும் ரமளான் கணக்கிலேயே தொடங்கலாம். விண்ணப்பம் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்துக்கு வராமல், பெண்கள் மதரஸாவின் ஆலிமா வழியாக, பெயர் வெளியே தெரியாமல் வரும்படி செய்ய வேண்டும்.